எழுதுமேசை யாருடையது?

நிரல் எழுதுவோர் இருவர் சந்தித்துக்கொண்டால், எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு அடுத்து எழுவது, எதில் எழுதுகிறீர்கள் என்ற கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். நிரல் என்பது வெறும் எழுத்துகளாலான ஒரு கோப்பு. எந்த எடிட்டரில் தட்டினாலும் கோப்பு ஒன்றுதான். அதைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர், கோப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை. இருந்தும் இந்தத் தேர்வைக் குறித்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சைவ வைணவ வாதங்களுக்குச் சற்றும் குறையாத உக்கிரத்துடன் சண்டை நடந்துவந்திருக்கிறது. சண்டையில் பேசப்படுவது பெரும்பாலும் வேகமும் வசதியும்தான். ஆனால் இக்கருவிகளின் வரலாற்றை நிதானமாகப் படித்தால் அடியில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. நாம் உட்கார்ந்து எழுதும் மேசை யாருக்குச் சொந்தம், அவர் எழுந்திருக்கச் சொன்னால் அதில் பழகிப்போன நம் கை என்ன செய்யும் என்பதே அந்தக் கேள்வி.

திரை இல்லாத காலத்திலிருந்து தொடங்கவேண்டும். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது, அதற்கென எழுதிய முதல் நிரல்களில் ஒன்று 'ஈடி' என்ற எடிட்டர். அன்று கணினியுடன் உரையாட இருந்தது டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரம். பரவலாகப் புழங்கிய மாடல் 33 டெலிடைப், நொடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்தில் அச்சிடும். ஐம்பது வரி நிரலை முழுதாகப் பார்க்க விரும்பினால் மூன்று நிமிடத்துக்கு மேல் அது கடகடத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஈடி எதையும் தானாக முன்வந்து காட்டாது. இன்ன வரி வேண்டும் என்று கேட்டால் அந்த வரியை மட்டும் அச்சிடும். தவறாக எதையாவது தட்டிவிட்டால் அது தரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தவறு என்பதை நாமேதான் யோசித்துக்கொள்ளவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சதுரங்கம் ஆடுபவரைப்போல அன்றைய நிரலாளர் தம் கோப்பு முழுவதையும் மனத்தில் ஏந்தியபடி அதைத் திருத்தினார். ஒரு சொல் வரும் வரிகளையெல்லாம் தேடி அச்சிடு என்று ஈடிக்குச் சொல்லும் கட்டளையின் எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்ததில் பிறந்ததுதான், இன்றும் உலகெங்கும் புழங்கும் 'கிரெப்' என்ற நிரலின் பெயர்.

திரை வந்ததும் ஈடியின் இந்த மௌனம் பொறுக்கமுடியாததாயிற்று. லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் குலூரிஸ் ஈடியை மாற்றியமைத்து, வரியைத் திரையில் பார்த்துக்கொண்டே திருத்தும்படி செய்தார். அதற்கு 'எம்' என்று பெயர். 'மானிடப் பிறவிகளுக்கான எடிட்டர்' என்பது அதன் விரிவு. ஈடியைக் கையாள்பவர்கள் வேறு பிறவிகள் என்பது அதற்குள் ஒளிந்திருக்கும் கேலி. 1976-ல் அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தபோது, அங்கே மாணவராக இருந்த பில் ஜாய் அதைக் கண்டார். ஜாயும் அவருடைய தோழர் சக் ஹேலியும் அதிலிருந்து தொடங்கி 'எக்ஸ்' என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். ஜாய் தொடர்ந்து அதற்கு முழுத்திரை முகம் ஒன்றைத் தந்தார். அதுதான் 'விஐ'.

விஐ என்னும் கருவியின் விநோதங்கள் அனைத்துக்கும் பின்னால் ஒரு வறுமை இருக்கிறது. ஜாய் தம் வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ளப் பயன்படுத்திய மோடத்தின் வேகம் நொடிக்கு முப்பது எழுத்துகள். 24 வரிகள் கொண்ட ஒரு திரை முழுவதையும் புதிதாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருக்கவேண்டிய நிலையில், ஒரு சொல்லை அழிக்க இரண்டு எழுத்து, ஒரு வரியை அழிக்க இரண்டு எழுத்து என்று கட்டளைகள் சுருங்கிப்போயின. எழுதும் நிலை, கட்டளையிடும் நிலை என்று இரு நிலைகள் வைத்துக்கொண்டதும் இதனால்தான். முதலில் பழகுபவர்கள் வெளியேறும் வழி தெரியாமல் விழிப்பதும் இதனால்தான்.

இன்னொரு விஷயம் சுவாரசியமானது. ஜாயிடம் இருந்தது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்ற முனையம். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்துகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. விஐ அதையே எடுத்துக்கொண்டது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்ப உதவும் எஸ்கேப் விசை, இன்றைய விசைப்பலகையில் எட்டாத ஒரு மூலையில் கிடக்கிறது. அந்த முனையத்தில் அது க்யூ எழுத்துக்குப் பக்கத்திலேயே, இன்று டேப் விசை இருக்கும் இடத்தில் இருந்தது. அந்த முனையங்கள் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. அவற்றை நேரில் பார்த்தே இராத இளைஞர்களின் விரல்கள் இன்றும் எச், ஜே, கே, எல் என்று நகர்கின்றன. வழக்கொழிந்த பொருளின் பெயர் ஒரு வட்டாரப் பேச்சில் எஞ்சியிருப்பதைப் போன்றது இது. எச்சம் நாவில் தங்காமல் விரலில் தங்கியிருக்கிறது.

இப்போது உரிமையின் கதைக்கு வரலாம். விஐ 1979-ல் பெர்க்லி யுனிக்ஸ் தொகுப்புடன் பரவத் தொடங்கியது. ஆனால் அதன் அடித்தளத்தில் ஈடியின் மூலநிரல் இருந்தது. ஈடி ஏடி அண்டு டி நிறுவனத்துக்குச் சொந்தம். எனவே யுனிக்ஸ் உரிமம் வாங்காதவர் விஐயின் மூலநிரலைத் தொடமுடியாது. ஜாய் எழுதிய பகுதியும் ஜாயின் கையில் இல்லை என்று பொருள். விளைவாக, விஐயில் கை பழகியவர்கள் வேறு கணினிகளுக்குப் போனபோது அதைப்போலவே நடக்கும் நகல்களை முதலிலிருந்து எழுதவேண்டி வந்தது. டிம் தாம்ஸன் என்பவர் அடாரி எஸ்டி கணினிக்காக 1987-ல் 'ஸ்டீவி' என்ற நகலை வெளியிட்டார். அமிகா கணினி வாங்கிய பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் ஸ்டீவியை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். 1991-ல் அது 'விம்' என்ற பெயரில் வெளிவந்தது. முதலில் அப்பெயருக்கு 'விஐயின் போலி' என்று விரிவு. பிற்பாடு 'மேம்பட்ட விஐ' ஆயிற்று. மூலனார் அதற்குப் பணம் கேட்கவில்லை. உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் சில காலம் பணியாற்றியவர் அவர். நிரல் பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று விம்மின் முகப்பிலேயே எழுதிவைத்தார்.

அசல் விஐ, கால்டெரா நிறுவனம் பழைய யுனிக்ஸ் நிரல்களை 2002-ல் திறந்துவிட்டபோதுதான் விடுதலை பெற்றது. அதற்குள் உலகம் போலியுடன் வாழப் பழகிவிட்டிருந்தது.

கண்டத்தின் மறுகரையில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வகத்தில் இதே காலத்தில் இன்னொரு மரபு வளர்ந்தது. அங்கே 'டெகோ' என்ற பழைய எடிட்டர் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் காகித நாடாவில் துளையிட்ட நிரல்களைத் திருத்துவதற்காக டான் மர்ஃபி எழுதியது அது. டெகோவில் ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் ஒரு கட்டளை உண்டு. தம் பெயரைத் தட்டினால் என்ன விபரீதம் நிகழும் என்று ஊகிப்பது அன்றைய நிரலாளர்களின் பொழுதுபோக்கு. டெகோவுக்கு மேல் ஆளாளுக்குத் தமக்கேற்ற குறுங்கட்டளைத் தொகுதிகளை எழுதி வைத்திருந்தார்கள். அடுத்தவர் மேசையில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. 1976-ல் கை ஸ்டீல் இவற்றை ஒழுங்குபடுத்தும் முயற்சியைத் தொடங்க, ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை வளர்த்து முடித்தார். அதுவே ஈமாக்ஸ்.

ஈமாக்ஸின் சிறப்பு, அதைப் பயன்படுத்துபவர் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றிக்கொள்ளலாம் என்பது. ஸ்டால்மன் அதைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், ஒரு நிபந்தனையுடன். நீங்கள் செய்யும் மேம்பாடுகள் என்னிடம் திரும்பி வரவேண்டும், நான் அவற்றை மற்றவர்களுக்குத் தருவேன். இந்த ஏற்பாட்டை அவர் ஈமாக்ஸ் கம்யூன் என்றழைத்தார். அப்போது அது வெறும் ஆய்வகப் பழக்கம், சட்டம் ஏதுமில்லை.

சட்டம் வந்த கதைதான் முக்கியமானது. பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங், மாணவராக இருந்தபோது 1981-ல் யுனிக்ஸுக்கென ஓர் ஈமாக்ஸை சி மொழியில் எழுதினார். தொடக்கத்தில் தாராளமாகவே பரவிய அதை 1983-ல் யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1984-ல் ஸ்டால்மன் தம் குனூ திட்டத்துக்காகப் புதிய ஈமாக்ஸ் எழுதத் தொடங்கியபோது, திரையில் எழுத்துகளைக் காட்டும் பகுதிக்கு காஸ்லிங்கின் நிரலிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டார். அதற்கு அனுமதி இருந்தது என்பது அவர் தரப்பு. யூனிபிரஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டால்மன் அந்தப் பகுதிகளையெல்லாம் நீக்கிவிட்டு 1985-ல் தாமே எழுதினார். காஸ்லிங் மீது குற்றம் சுமத்துவது எளிது. ஆனால் ஒரு மாணவர் தனியாளாகப் பராமரிக்கமுடியாத ஒன்றை யாரிடமாவது ஒப்படைத்துத்தானே ஆகவேண்டும் என்ற நியாயமும் அவர் பக்கம் இருக்கிறது. ஒப்படைத்தபின் அது பொதுவில் நீடிக்க எந்தப் பிடிமானமும் அன்று இருக்கவில்லை என்பதே சிக்கல். அந்தப் பிடிமானத்தை ஸ்டால்மன் ஈமாக்ஸுக்கென எழுதிய உரிமத்தில் உண்டாக்கினார். பிரதி எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பெறுகிறவருக்கும் அதே உரிமைகளைத் தந்தாகவேண்டும். 1989-ல் அது எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் பொது உரிமமாக விரிந்தது. லினக்ஸ் உட்பட, பின்வந்த எத்தனையோ மென்பொருள்கள் அந்த உரிமத்தின் கீழ் நிற்பவை. எந்த எடிட்டரில் எழுதுவது என்ற சில்லறை விவகாரமாகத் தொடங்கியது அது.

அந்த உரிமத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. ஜப்பானின் மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கெனிச்சி ஹண்டா என்பவரும் அவர் குழுவினரும் ஈமாக்ஸை எடுத்துப் பல எழுத்துமுறைகள் ஒரே கோப்பில் புழங்கும்படி மாற்றினார்கள். எந்த நிறுவனத்தின் விற்பனைத் துறையும் அதற்கு ஒப்புதல் தரவேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய பணி 1997-ல் வந்த ஈமாக்ஸ் 20-ல் மூலத்துடன் இணைந்தது. இன்று ஈமாக்ஸுடன் வரும் ஒரு மாதிரிக் கோப்பில் உலக மொழிகளின் வணக்கங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் நம் எழுத்தில் 'வணக்கம்' என்பதும் ஒன்று.

இவையெல்லாம் பல்கலைக்கழகங்களின் கதை. மேசைக்கணினி வாங்கிய சாமானியர்கள் 1980களின் தொடக்கத்தில் வேறுவிதமாக அல்லல்பட்டுக்கொண்டிருந்தார்கள். எடிட்டரை ஒரு நெகிழ்வட்டிலிருந்து ஏற்றி நிரலை எழுதுவது, அதை விட்டு வெளியேறிக் கம்பைலரை ஏற்றுவது, பிழை என்று வந்தால் வரி எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு மீண்டும் எடிட்டர். கம்பைலரின் விலையோ நூற்றுக்கணக்கான டாலர்கள். 1983 நவம்பரில் ஃபிலிப் கான் நடத்திய போர்லண்ட் நிறுவனம், 49.95 டாலருக்கு டர்போ பாஸ்கலை வெளியிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் எழுதிய கம்பைலர் அதன் உள்ளே இருந்தது. எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்து நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்கின. பிழை நேர்ந்தால் அந்த இடத்திலேயே கர்சர் போய் நிற்கும். எழுதுவதும் ஓட்டிப் பார்ப்பதும் ஒரே மேசையில் நிகழ்ந்தன. எடிட்டரின் விசைகள், அன்று பலருக்கும் பழகியிருந்த வேர்ட்ஸ்டாரின் விசைகளே.

போர்லண்டின் உரிமப் பத்திரமும் படிக்கத்தக்கது. இந்த மென்பொருளை ஒரு புத்தகத்தைப்போல நடத்துங்கள் என்றது அது. கை மாறலாம், கணினி மாறலாம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருவர் படிக்கமட்டும் முடியாது.

1987-ல் டர்போ சி வந்தது, தொடர்ந்து டர்போ சி++. இங்கேதான் கதை நம்மூருக்குள் நுழைகிறது. 1990களில் தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளிலும், தெருவுக்கொன்றாக முளைத்த கணினிப் பயிற்சி மையங்களிலும் படித்த எவருக்கும் அந்த நீலத்திரை நினைவிருக்கும். நெகிழ்வட்டில் கைமாறிய பிரதிகள். புத்தகத்தைப்போல நடத்துங்கள் என்ற வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துக்கு அது மிகச் சிறந்த தேர்வுதான். குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினியிலும் ஓடும், உதவிப் பக்கங்கள் உள்ளேயே இருக்கும். சிக்கல் என்னவென்றால் தேர்ந்தெடுத்த பிறகு யாரும் அதை மறுபடி யோசிக்கவில்லை. 1998-ல் சி++ மொழிக்கு உலகத் தரநிர்ணயம் வந்தது. அதன்படி டர்போவில் பழகிய நிரலின் முதல் வரியே பழையதாகிவிட்டது. பாடத்திட்டமும் செய்முறை ஏடும் அசையவில்லை. 64-பிட் விண்டோஸில் அந்த 16-பிட் நிரல் ஓட மறுத்தபோது, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, அதனுள் டர்போவை ஓட்டிப் பாடம் நடத்தினார்கள். 2010களிலும் இது நடந்தது.

இழப்பு என்ன என்று கேட்கலாம். ஓர் உதாரணம் போதும். டர்போவில் முழு எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. முதலாமாண்டு மாணவர் எழுதும் தொடர்பெருக்கல் நிரலில் ஏழு வரைக்கும் விடை சரியாக வரும். எட்டுக்கு 40,320 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 25,216 வரும். கணினி அப்படித்தான் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனவர்கள் பலர். திரையைத் துடைக்க ஒரு கட்டளை, விசை அழுத்தும்வரை காத்திருக்க ஒரு கட்டளை என்று அவர்கள் சி மொழியின் உறுப்புகளாக நம்பியவை போர்லண்ட் தன் கம்பைலருக்கெனச் சேர்த்தவை. வேலைக்குச் சென்று லினக்ஸ் முன் அமர்ந்தபோது, தாம் கற்றது மொழியையா அதைக் கற்ற அறையையா என்ற குழப்பம் அவர்களுக்கு நேர்ந்தது. கருவியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், விலை கொடுத்தவர் மற்றொருவர். போர்லண்டோ 2008-ல் தன் நிரலாக்கக் கருவிகளை எம்பர்கடேரோ நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, மறுவருடமே தானும் மைக்ரோ ஃபோகஸுக்குக் கைமாறியிருந்தது.

இடையில் வந்த பெரிய சூழல்களைச் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கலாம். ஐபிஎம் தன் நாற்பது மில்லியன் டாலர் பெறுமான நிரலை 2001 நவம்பரில் எக்லிப்ஸ் என்ற பெயரில் பொதுவில் திறந்தது. கிரகணம் என்று பொருள்படும் அப்பெயர், ஜாவாவின் சொந்தக்காரரான சன் நிறுவனத்தை நோக்கியது என்று அப்போதே பலரும் பேசிக்கொண்டார்கள். சன் அதில் சேராமல் தன் நெட்பீன்ஸுடனேயே இருந்துவிட்டது. அதே ஆண்டில் செக் நாட்டிலிருந்து வந்த இன்டெலிஜே, நிரலை வெறும் எழுத்தாகப் பாராமல் அதன் பொருளை அறிந்த வாசகரைப்போல நடந்துகொண்டது. ஒரு பெயரை மாற்றினால் அது வரும் இடமெல்லாம் தானே மாறும். நல்ல கருவி, ஆனால் விலைக்கு.

எக்லிப்ஸின் ஜாவாக் கருவிகளுக்குத் தலைமை தாங்கிய எரிக் காமா 2011-ல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். அவருடைய குழுவின் படைப்பான விஎஸ் கோட் 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024-ல் நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வேறெந்த எடிட்டரும் இந்த அளவுக்குப் பரவியதில்லை. கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் என்ற எடிட்டர் அதற்குப் போட்டியாக இருந்தது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை 7.5 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது.

விஎஸ் கோடின் மூலநிரல் திறந்தது, யாரும் எடுக்கலாம். ஆனால் நாம் தரவிறக்கும் தயாரிப்புக்கு மைக்ரோசாஃப்டின் தனி உரிமம் உண்டு. கூடுதல் கருவிகள் கிடைக்கும் அதன் சந்தையை, மைக்ரோசாஃப்டின் தயாரிப்புகளிலிருந்து மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி. மூலநிரலை எடுத்துத் தனியே வேறோர் எடிட்டர் கட்டுபவர்கள் அந்தச் சந்தைக்குள் நுழையமுடியாது. பெர்க்லி மாணவர்களும் யூனிபிரஸின் எச்சரிக்கையைப் பெற்ற ஸ்டால்மனும் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். மேசை இலவசம், இழுப்பறைகளின் சாவி மட்டும் வேறிடத்தில்.

நியாயத்தைச் சொல்லவேண்டுமென்றால், அதே குழுவிடமிருந்து 2016-ல் வந்த ஒரு வரையறை எல்லோருக்கும் பயன்பட்டிருக்கிறது. ஒரு மொழியைப் பற்றிய அறிவைத் தனி நிரலாக எழுதிவைத்தால் எந்த எடிட்டரும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 2023-ல் வெளிவந்த ஈமாக்ஸ் 29 அதற்கான வசதியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. இன்டெலிஜேயில் விலை கொடுத்துப் பெற்ற வசதிகளில் பல இதனால் பழைய எடிட்டர்களுக்கும் வந்துசேர்ந்தன. புதிய கருவிக்கு மாறுவதா வேண்டாமா என்று தவித்தவர்களில் சிலர் இதைக் காரணம் காட்டி இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

பிராம் மூலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விம்மில் எது சேரவேண்டும் என்பதில் இறுதிச் சொல் அவருடையதாகவே இருந்தது. அதை ஏற்காதவர்கள் 2014-லேயே பிரிந்து நியோவிம் என்று தனியாகத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைத் தடுக்க எந்த உரிமமும் குறுக்கே நிற்கவில்லை. அவருக்குப் பின் விம்மின் பொறுப்பை, நீண்டகாலமாக அதில் பங்களித்துவந்த கிறிஸ்டியன் பிராபண்டும் மற்ற தன்னார்வலர்களும் ஏற்றார்கள். யாரிடமும் விலை பேசவேண்டியிருக்கவில்லை. 2024 ஜனவரியில் வெளிவந்த 9.1 பதிப்பு மூலனாரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதிலும் இடப்புறம் நகர எச் விசைதான்.